எல்லாம் வல்லான் சுமந்த மண்

திருச்சிற்றம்பலம்

சைவ நன்மக்களே!

திருவாலவாய்த் திருக்கோயிலில், சொக்கலிங்கப் பெருமானது திருச்சுற்றில், ‘எல்லாம் வல்ல சித்தர்’ என்னும் திருப்பெயரோடு எம்பெருமான் எழுந்தருளியிருத்தலை நீவிர் அறிவீர். அத்திருமுன் நின்று வழிபடுவார் பலர். ‘எல்லாம் வல்ல’ என்னும் அடைமொழியின் பொருள் யாதென வினவுவார் சிலரே. வினவுதல் குற்றமன்று. வினவாது கொண்ட கொள்கை பிறர் வினவியவிடத்துத் தளரும். வினவித் தெளிந்த கொள்கை தளராது. ஆகலின், இறைவனது உண்மையையும் ஆற்றலையும் பற்றி அறிவுடையோர் எழுப்பும் தடைகளுள் மூன்றனை எடுத்துக்கொண்டு, அவற்றிற்கு நம் சித்தாந்தம் தரும் விடை எத்தகையதென ஈண்டுச் சிந்திப்பாம்.

இவ்வாராய்ச்சி தகுமோ என்னும் ஐயத்தை முதற்கண் நீக்கிக்கொள்ளுதல் வேண்டும். ஏழாம் நூற்றாண்டில் மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் வேண்ட ஆலவாய்க்கு எழுந்தருளிய ஆளுடைய பிள்ளையார், வையையாற்றில் இடுவித்த ஏட்டில் வரைந்தருளியது திருப்பாசுரம். அதன்கண், காரணங்களையும் மேற்கோள்களையும் கொண்டு இறைவனை அளவிறப்பச் சோதித்தல் வேண்டா என்னும் கருத்து அமைந்துள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய மெய்கண்ட தேவரோ, சிவஞானபோதத்தின் பன்னிரு சூத்திரங்களுள் முதற்கண்ணேயே, ஆண் பெண் அஃறிணை எனப் பகுத்துச் சுட்டப்படும் உலகம் தோற்றமும் நிலையும் இறுதியும் உடைமையின் அதற்கு ஒரு வினைமுதல் உண்டென ஏதுக் கூறி நிறுவினார். இவ்விரண்டும் தம்முள் மாறுபடுமோ எனின், மாறுபடா. பிள்ளையார் விலக்கியது ஆராய்ச்சியின் மிகையை, ஆராய்ச்சியை அன்று. புகை கண்டவிடத்துத் தீ உண்டென்பது அனுமானம். அத்தீயின் அருகிருந்து குளிர் நீங்குதல் அனுபவம். அனுமானம் செய்யும் தொழிலை அனுமானம் செய்க. அனுபவத்தின் இருக்கையை அது கவர்ந்துகொள்ளற்க. இவ்வெல்லையுள் நின்று மேலே செல்வாம்.

முதற்றடை வருமாறு: “இறைவன் எல்லாம் வல்லன் என்கின்றீர். அவன் தன்னாலும் தூக்கவொண்ணாத கல் ஒன்றனைப் படைக்க வல்லனோ? வல்லன் எனின், அக்கல்லைத் தூக்கும் வலி இலன். வல்லன் அல்லன் எனின், படைக்கும் வலி இலன். யாதாயினும் ஒரு வலி இன்மையின், எல்லாம் வல்லான் என ஒருவன் இல்லை.” இது மேனாட்டார் நெடுங்காலமாக உசாவிவரும் வினா. கேட்டமாத்திரத்தில் இருதலைக் கொள்ளியின் உள்ளெறும்பு போல நம்மை ஆக்குவது.

மெய்கண்டார் வாழ்ந்த அதே நூற்றாண்டில் மேற்கே வாழ்ந்த தாமஸ் அக்குவினாஸ் என்னும் கிறித்துவப் பேராசிரியர், தம்முள் முரண்படுவது செய்யப்படும் பொருள்களுள் ஒன்றாதல் இன்மையின், அதனைச் செய்யாமை இறைவற்குக் குறைவன்று என்றார். பின்வந்த டெக்கார்ட் என்பார், 1630ஆம் ஆண்டில் எழுதிய கடிதங்களில், கணித உண்மைகளும் இறைவன் திருவுள்ளத்தால் நிறுவப்பட்டனவே என்னும் கொள்கையை வெளியிட்டார். இவ்விருவருள் நம்மவர்க்கு அணியர் முன்னவரே. மலடி மகனைக் காணாதவன் குருடன் ஆகான். முயற்கொம்பை முறிக்க மாட்டாதவன் வலியிலி ஆகான். காணப்படும் பொருள் ஒன்று இருந்து, அதனைக் காணாமையே குருடு. செய்யப்படும் பொருள் ஒன்று இருந்து, அதனைச் செய்யமாட்டாமையே வலியின்மை.

சித்தாந்தம் இதற்கு மேலும் ஓரடி செல்லும். கல் என்பது மாயையினின்றும் தோன்றிய காரியப்பொருள், ஆகவே ஓரளவிற்பட்டது. இறைவன் யாண்டும் நிறைந்தவன். தூக்குதல் என்பது ஓரிடத்தினின்றும் பிறிதோரிடத்திற்குப் பெயர்த்தல். அக்கல்லும், அது கிடந்த இடமும், அது பெயரும் இடமும் அவனது வியாபகத்துள் அடங்கியன. எனவே ‘இறைவனால் தூக்கவொண்ணாத கல்’ என்பது ‘நிறைவினும் பெரிய ஏகதேசம்’ என்றவாறாம். அது சொல்லளவில் நிற்பதன்றிப் பொருள் பெறாது. தடை கூறியவர், இறைவனை நம்மினும் மிகப்பெரிய தோள் உடைய சுமையாளாகத் தம் மனத்துள் அமைத்துக்கொண்டார். பின் அச்சுமையாளுக்கு ஏலாத சுமையை எண்ணினார். வீழ்ந்தது அவர் அமைத்த உருவமேயன்றிப் பதிப்பொருள் அன்று.

இதனோடு முதற்றடை ஒழிந்தது. ஆயினும் தடை கூறுவார் அமையார். அவர் நம் நூலினுள்ளேயே புகுந்து இரண்டாவதொன்று கூறுவர்: “பதி, பசு, பாசம் என்னும் மூன்றும் அநாதி என்பது நும் கொள்கை. உயிரை இறைவன் படைத்திலன். ஆணவ மலத்தையும் படைத்திலன். உயிரை அவன் அழித்தலும் இல்லை. தன்னாற் படைக்கப்படாத இரண்டு பொருள்கள் தன்னோடு என்றும் இருப்பவும் அவனை முடிவிலாற்றலுடையான் என்றல் யாங்ஙனம்?” இத்தடை முன்னையதினும் வலிது. முன்னையது சொல்லின் முடிச்சு; இது பொருளின் முடிச்சு.

திருக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர், கடவுள் வாழ்த்தில் எண்குணம் என்பதற்குச் சைவாகமத்துக் கூறப்பட்டவற்றை எடுத்துக்காட்டினார். அவற்றுள் தன்வயத்தனாதல் முதற்கண் நிற்கின்றது; பேரருளுடைமையும் முடிவிலாற்றலுடைமையும் அடுத்தடுத்து நிற்கின்றன. தன்வயம் என்பது, பிறபொருள் இல்லாமையாற் பெறப்படுவதன்று. பிறபொருள் இருந்தும் அவற்றின்வழிப்படாது அவற்றைத் தன்வழி நடத்துதலாற் பெறப்படுவது. குடிகள் உளராதலால் அரசன் அரசத்தன்மை இழப்பானோ? குடிகளே இல்லாத நாட்டை ஆள்வான் ஒருவன் உளனாயின், அவனையன்றோ அரசன் என்றல் பொருந்தாது!

இன்னும் நுணுகி நோக்குமின். உயிர் இல்லாதிருந்து இறைவனால் உண்டாக்கப்பட்டது எனக் கொள்வோமாயின், அதன் அறியாமையும் அவனால் உண்டாக்கப்பட்டதாகும். தானே குருடாக்கிப் பின் தானே கோல் கொடுப்பானை அருளாளன் என யார் கூறுவர்? இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்னும் சற்காரிய முறையைப் பற்றி நின்று, இறைவன் நிமித்த காரணன், மாயை முதற்காரணம், அவனது சத்தி துணைக்காரணம் என நம் ஆசிரியர் வகுத்தது, இறைவனது ஆற்றலைக் குறைத்தற்கன்று. இருளின் தோற்றத்தை ஒளியின்மேல் ஏற்றாமைக்கே. தீமைக்கு முதலாகாமை ஓர் இயலாமை எனின், அவ்வியலாமை பகலவனுக்கு இருளைக் காட்டவொண்ணாமை போல்வது. அதனைக் குறை என்பாரோடு நமக்கு வழக்கில்லை.

இனி மூன்றாவது. இதுவே மக்கள் உள்ளத்தை மெய்யாக வருத்துவது. “அருளுடையனாயின் உயிர்களின் துன்பத்தை நீக்க விரும்புவான், ஆற்றலுடையனாயின் நீக்கியிருப்பான், துன்பமோ உள்ளது. ஆகவே அருளில்லை, அல்லது ஆற்றலில்லை, அல்லது அவனே இல்லை.” 1955ஆம் ஆண்டில் ஜே. எல். மாக்கி என்னும் மேனாட்டு ஆசிரியர் ஒரு கட்டுரையில் இவ்வழக்கைப் புதுக்கி எழுதியபின், அங்குள்ள கழகங்களில் இதுபற்றிய சொற்போர் பெருகிற்று. ஆயின் இவ்வினா எழுதற்குக் கழகம் வேண்டுவதில்லை. 1876 முதல் 1878 வரை இத்தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில், வற்றிய கண்மாயின் கரையில் மகவை இழந்த தாய் ஒருத்தி இதனை வினவியிருப்பாள். அவள் வினாவிற்கு விடையாகாத எதுவும், கழகத்தார் வினாவிற்கும் விடையாகாது.

வினைப்பயன் என்று கூறுதல் நம்மவர் வழக்கம். அது மெய்யே. ஆயினும் அது முடிந்த விடையன்று. வினைக்கு முதல் ஆணவம். அவ்வாணவத்தை இறைவன் ஒருநொடியில் நீக்காமை என்னை? மலம் பக்குவமாதல் வேண்டும் என்பது சித்தாந்த விடை. ஆணவத்திற்குக் கண்ணை மறைக்கும் புரையினை உவமை கூறுதல் ஆகம மரபு. புரை முதிருங்காறும் மருத்துவன் காத்திருந்து, முதிர்ந்தபின் கருவிகொண்டு நீக்குவான். அதுபோல இறைவனும் மலபரிபாகம் நோக்கி நிற்பான் என்ப.

இவ்வுவமையைக் கொண்டே இக்காலத்தார் நம்மை மடக்கக்கூடும். இம்மதுரை மாநகரிலேயே, 1976ஆம் ஆண்டில் மருத்துவர் கோ. வெங்கடசாமி அவர்கள் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று உலகறிந்த நிலையமாய் விளங்குகின்றது. இக்கால மருத்துவர், புரை முற்ற முதிருமளவும் காத்திருக்க வேண்டுவதில்லை. முதிராத புரையையும் இனிது நீக்குகின்றனர். “மானிட மருத்துவனே காத்திராத இக்காலத்தில், எல்லாம் வல்ல மருத்துவன் மட்டும் காத்திருப்பானேன்? முன்னையோர் காத்திருந்தது கருவியின் குறைபாட்டாலன்றோ? இறைவற்கும் கருவிக் குறைபாடு உளதோ?” என்பது அவர் தடை. இதனை எள்ளிக் கழித்தல் ஒண்ணாது. உவமை பழையதாயிற்று என அதனைக் கைவிடலும் வேண்டா. அம்மருத்துவம் காட்டும் பிறிதோர் உண்மையை நோக்குவாம்.

பிறவியிலேயே புரையாற் பார்வை இழந்தவர்க்கு, ஆண்டு பல கழித்துப் புரையை நீக்கினால், அவர் அந்நொடியே நம்மைப்போலக் காண்பாரோ? காணார். ஒளி உட்புகும், நிறம் தோன்றும், ஆயின் கையால் தொட்டறிந்த பந்து இது, கட்டை இது எனக் கண்ணாற் கண்டமாத்திரத்தில் வேறுபடுத்தி அறியார். இந்திய நாட்டுச் சிறார் சிலரை இங்ஙனம் ஆராய்ந்து 2011ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்ட முடிபும் இதுவே. நாட்சென்று பழகியபின்னரே அவர் பார்வை பொருளறியும் பார்வையாயிற்று. எனவே மறைப்பு நீங்குதல் வேறு, காண்டல் வேறு. முன்னையதைப் பிறன் ஒருவன் செய்யலாம். பின்னையதைக் காண்பானையின்றி எவனும் செய்தல் இயலாது. ஒருவனுக்காகப் பிறனொருவன் உண்டு அவன் பசியைத் தீர்த்தல் எங்ஙனம் இல்லையோ, அங்ஙனம் ஓருயிர்க்காகப் பிறனொருவன் அறிந்து அதன் அறியாமையைத் தீர்த்தலும் இல்லை.

இதனையே சிவஞானபோதம் பதினோராஞ் சூத்திரத்தில் வேறு முகத்தான் உணர்த்துகின்றது. கண் தானே காணாது. உயிர் கண்ணோடு கலந்து அதற்குப் பொருளைக் காட்டும். காட்டுவதோடு அமையாது, அக்கண்ணோடு உடனின்று தானும் காணும். அதுபோல இறைவன் உயிர்க்கு அறிவித்தலோடு அமையாது உடனின்று அறிகின்றான். காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என நம் ஆசிரியர் இதனை இரண்டாக வகுத்துரைப்பர். இவ்விரண்டாவது உபகாரமே மூன்றாந் தடைக்கு விடை. மலத்தை ஒரு கட்டியாகக் கருதி, அதனை வெட்டியெறிதலே ஆற்றல் எனத் தடை கூறுவார் கருதினார். மலநீக்கமோ உயிர் தானே அறிவுடையதாய் விளங்குதல். அது வெளியே நின்று ஒருவன் திணிக்கும் பொருளன்று. உயிரை உயிராகவே நிறுத்தி, அதன் அறிவை அதன் அறிவாகவே விளக்குதற்கு, உடனிருந்து, அது நடக்கும் அளவில் நடந்து, பொறுத்து நிற்கும் ஆற்றல் வேண்டும். பக்குவம் நோக்குதல் என்பது வாளாவிருத்தல் அன்று, இங்ஙனம் உடனிருத்தலேயாம். ஆக்கலும் காத்தலும் மறைத்தலும் அழித்தலும் அருளலும் ஆகிய ஐந்தொழிலும் அவ்வுடனிருத்தலின் வகைகளே. அழித்தலும் பிறவியால் இளைத்த உயிர்க்கு இளைப்பாற்றுதல் எனவே நம் நூல் கூறும்.

இக்கருத்தை ஆலவாய்ப் பெருமான் திருவிளையாடல் இரண்டனைக் கொண்டு தெளிவாம். பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்தில் அறுபத்துநான்கு திருவிளையாடல்கள் உள்ளன. அவற்றுள் இருபத்தொன்றாவது கல்லானைக்குக் கரும்பு அருத்தியது. சித்தராய் வந்த பெருமானை அபிடேக பாண்டியன் சோதிக்கக் கருதி, அங்கு நின்ற கல்லானையைக் கரும்பு தின்னச் செய்க என்றான். பெருமான் கடைக்கண் சாத்தினார். கல்லானை உயிர்பெற்றுக் கரும்பைத் தின்றது. அரசன் கழுத்து முத்துமாலையையும் பறித்தது. சினந்து வந்த காவலர், சித்தர் சொல்லால் வரைந்த ஓவியம் போல நின்றனர். ஆற்றலைக் காண விழைந்தான், ஆற்றலைக் கண்டான், அஞ்சி வணங்கினான். கல்லைப் பற்றிய வினாவிற்குக் கல்லைக்கொண்டே விடை கிடைத்தது.

அறுபத்தொன்றாவது, மண் சுமந்தது. வையை பெருகி நகரை அழிக்கப் புகுந்தபோது, அரசன் கரையைப் பங்கிட்டுக் குடிகள்பால் விடுத்தான். பிட்டு விற்று வாழும் வந்தி என்னும் முதியவளுக்கும் ஒரு பங்கு வந்தது. அவட்குக் கணவன் இல்லை, மக்கள் இல்லை, கூலிக்கு ஆளும் இல்லை. பெருமான் கூடையும் மண்வெட்டியும் கொண்டு கூலியாளாய் வந்தார். உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்றார். உண்டார், ஆடினார், உறங்கினார். பங்கு அடைபடாமை கண்ட அரசன் பிரம்பால் அடித்தான். அவ்வடி அரசன் மேலும் அரசியர் மேலும் எல்லா உயிர்கள் மேலும் பட்டது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிப் பெருமான் மறைந்தருள, கரை உயர்ந்தது.

ஈண்டு ஒன்று வினவுவாம். கல்லானையைக் கரும்பு தின்னச் செய்தானுக்கு, வையை வெள்ளத்தை ஒரு சொல்லால் வற்றச் செய்தல் அரிதோ? அன்று. பின் ஏன் கூடை சுமத்தல்? வெள்ளம் வற்றியிருப்பின் நகரம் பிழைத்திருக்கும். வந்தி வீட்டில் தனித்திருந்தவள் தனித்தே இருந்திருப்பாள். அவட்குற்ற குறை வெள்ளம் மட்டுமன்று. தன் பங்கைச் சுமக்கத் தனக்கு ஒருவரும் இன்மையே. அக்குறையைத் தொலைவில் நின்று செய்யும் எவ்வாற்றலும் தீர்க்காது. உடன் வந்து நிற்றலே தீர்க்கும். தூக்கவொண்ணாத கல்லை இறைவன் படைப்பானோ என்று வினவினாரன்றோ! மண்கூடை அவற்குச் சுமையாகாது. ஆயினும் துணையிலியின் பங்கைத் தன் பங்காக ஏற்று, அரசன் ஆணைக்கு அடங்கி, கூலிக்கு உடன்பட்டு நின்றான். வலியுடையார் பலர் இதனைச் செய்யமாட்டார். பேரருளுடைமையின்றி முடிவிலாற்றலுடைமை இல்லை என்பது இதனால் விளங்கும்.

“அங்ஙனமாயின் இறைவன் அடியுண்டு வருந்தினனோ? வருந்தின் விகாரி ஆவன், வருந்தானாயின் உடனிருத்தல் பொய்யாம்” என ஆசங்கிக்கற்க. அவன் கருவிற்பட்டுப் பிறந்தானல்லன், கொண்டது அருளுரு. அகரம் எல்லா எழுத்தினும் கலந்து நின்று தன் இயல்பின் வேறுபடாமை போல, அவனும் எவ்வுயிரினும் உடனாய் நின்று வேறுபடான். அவன்மேல் ஓங்கிய அடி எல்லார் மேலும் பட்டது, அவனை ஒழிய நின்ற உயிர் ஒன்றும் இன்மையால். ஒன்றாதல், வேறாதல், உடனாதல் என்னும் மூன்றனுள் உடனாதல் எத்துணை மெய்யென்பதை, அரசன் தன் முதுகினாலேயே கற்றான்.

சைவ நன்மக்களே! இதனால் நாம் கொள்ளத்தக்கது யாது? கல்லைப் பற்றிய புதிரோடு வருவார்க்கு ஏது கூறுக. மூன்று அநாதிப் பொருள் பற்றி வினவுவார்க்குச் சூத்திரமும் உரையும் விரிக்க. மகவை இழந்த தாயிடம் மட்டும் மலபரிபாகம் பேசற்க. பேசுவது பொய்யென்பதனால் அன்று. இடமும் காலமும் அதுவன்று என்பதனால். அவள் வினாவிற்குப் பெருமான் வையைக் கரையில் விடை கூறியிருக்கின்றான். அவ்விடை சொல்லால் ஆயதன்று. கூடை எடுத்துச் சென்று அவள் பங்கில் நின்றமையே. மடங்களிலிருந்து நூல் ஓதும் நாமும், மனையிலிருந்து நீறணியும் நாமும், நம் தெருவில் வந்தியின் பங்கு எது எனத் தேடிச் செல்லாக்கால், எல்லாம் வல்லான் உளன் என்னும் நம் வழக்கு எத்துணை ஏதுக்கள் கொண்டு நிறுவப்படினும் கேட்பார் நெஞ்சிற் செல்லாது. பிறன் முதுகில் வீழும் அடி தன் முதுகிலும் வீழ்வதெனக் கண்ட அரசனது அறிவே சித்தாந்தத்தின் வாயில். ஆவணி மூலத்தன்று ஆண்டுதோறும் பிட்டுத் திருவிழாக் கண்டு மீள்வோர், உதிர்ந்த பிட்டோடு அவ்வறிவையும் பெற்று மீள்வாராக.

திருச்சிற்றம்பலம்